களம் போடத் தெரிந்த ஊரில் கோர்ட்டுக்கு என்ன பஞ்சம்?

திருப்பத்தூரிலும் சரி, ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுப் பக்கமும் சரி, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் காலி நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாட அங்கே ஒரு கோர்ட் போடலாமா என்று கேட்டால் மேஸ்திரி சிமெண்டில்தான் கணக்கை ஆரம்பிப்பார். 50 அடிக்கு 26 அடி இடத்தில் நாலு அங்குலக் கான்கிரீட் போட 430 கன அடிக்கு மேல் கலவை வேண்டும். சிமெண்ட் மட்டுமே 80 மூட்டை அளவுக்குப் போகும். ஜல்லி, மணல், கூலி தனி. அதோடு பல வீடுகளில் ஆசை அடங்கிவிடுகிறது.

அடங்கத் தேவையில்லை. கேழ்வரகும் சாமையும் அடிக்க மண்ணில் களம் போட்டுப் பழகிய பூமி இது. நிலத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கும் அந்த வேலைதான் மண் கோர்ட்டுக்கும் வேண்டும். கபடியும் வாலிபாலும் பூப்பந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேர் பிடித்தது மண் தரையில்தான். விழுந்து எழும் குழந்தையின் முட்டிக்கும் கணுக்காலுக்கும் கான்கிரீட்டைவிட மண் எவ்வளவோ மேல்.

எந்த ஆட்டம் என்பதை இடம்தான் தீர்மானிக்கும். ஷட்டில் இரட்டையர் கோர்ட் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். சுற்றிலும் மூன்றடி விட்டால் மூன்று சென்ட் போதும். பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் அடங்கும். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர்தான், ஆனால் பந்தைத் துரத்தி ஓட நாலு பக்கமும் மூன்று மீட்டர் விட்டால் ஒன்பது சென்ட் ஆகிவிடும். மூன்று சென்ட் உள்ளவர்கள் வாலிபாலை மறந்துவிட்டு, ஷட்டிலையும் கபடியையும் ஒரே தரையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஷட்டிலுக்கு எதிரி காற்று. இறகுப் பந்து திறந்த வெளியில் நினைத்த இடத்தில் விழாது. உலக பேட்மிண்டன் கூட்டமைப்பே இதற்காகக் காற்றைத் தாங்கும் பந்தோடு ஏர் பேட்மிண்டன் என்ற வெளிப்புற ஆட்டத்தை 2019-இல் அறிமுகப்படுத்தியது. நம்மிடம் அதற்கு வெகு காலம் முன்பே பூப்பந்து இருந்தது. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856 வாக்கில் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம். கம்பளி நூலால் ஆன அந்தப் பந்து 30 கிராம் வரை எடை இருக்கும். ஐந்து கிராம் ஷட்டிலைப் போல லேசான காற்றுக்கெல்லாம் விலகாது. முழு கோர்ட் 24-க்கு 12 மீட்டர் என்றாலும், வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சின்ன இடத்திலும் ஆடலாம். இதை மறந்துவிட்டோமே என்ற வருத்தம் உண்டு.

இனி மண் வேலை. தை, மாசி இதற்கு நல்ல காலம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் மழை தரும் இந்தப் பகுதியில் ஆடியில் ஆரம்பித்தால் வேலை சேறாகத்தான் முடியும். கோர்ட்டின் நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் ஆடுபவர் கண்ணில் நேராக அடிக்காது. புல்லையும் வேரையும் அடியோடு எடுத்த பிறகு சலித்த செம்மண்ணை இரண்டு தடவையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் நனைத்து, உருளை ஓட்ட வேண்டும். இறுகிய பின் மூன்று அங்குலம் நிற்க நாலைந்து டிராக்டர் டிப்பர் மண் பிடிக்கும். களிமண் அதிகமானால் வெயிலில் வெடிக்கும், மணல் அதிகமானால் பெயரும். ஈர மண்ணை உருட்டிக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் கொஞ்சம் மணல் சேர்க்கலாம். தொட்டதும் உதிர்ந்தால் களிமண் சேர்க்கலாம்.

பணத்தைவிட அக்கறை அதிகம் வேண்டிய இடம் வாட்டம். நூறு அடிக்கு ஓரடி இறங்கும் கணக்கில், 20 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குலம் ஒரே பக்கமாகச் சரிய வேண்டும். ட்யூப் லெவல் வைத்து மேஸ்திரி பத்து நிமிடத்தில் குறித்துவிடுவார். தாழ்ந்த பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் போதும். நடுவில் குழி விழுந்த கோர்ட்டை எத்தனை முறை உருட்டினாலும் தண்ணீர் அங்கேயேதான் நிற்கும்.

மலைமேல் இன்னொரு சிக்கல் உண்டு. சரிவில் மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் சமன் செய்வார்கள். வெட்டிய பாதி அசையாது. கொட்டிய பாதி மழைக்கு அமுங்கும். கீழ் ஓரத்தில் கல்கட்டு எழுப்பி, ஒரு மழைக்காலம் விட்டுவிட்டு மேல்மண் போடுவதே நிலைக்கும்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கோலமாவு போதும். மூலைகள் சரியா என்று பார்க்க ஷட்டில் கோர்ட்டில் குறுக்கே அளந்தால் 14.72 மீட்டர் வர வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் கோர்ட் கோணவில்லை. பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் பெரும்பாலும் ஆசையாகவே வந்து அளந்து தருவார்.

மிச்சம் பிடித்த காசை வலைக் கம்பத்தில் போடலாம். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பை நேராகப் புதைக்காமல், அதைவிடச் சற்றுப் பெரிய பைப்பை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் வைத்து நிறுத்தி, அதற்குள் செருகுவது நல்லது. கபடி ஆடும்போது கம்பத்தை உருவிவிட்டுக் குழியை மூடிவிடலாம். மூடாத குழியில் ஒரு கால் போனால் அத்தோடு எலும்பு முறிந்துவிடும். இரவு விளக்கு வேண்டுமென்றால் கோர்ட்டின் பக்கவாட்டில் வையுங்கள். முனைகளில் வைத்தால் மேலே பார்க்கும்போது கண் கூசும். ஈரத் தரை என்பதால் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வயரிங் கூடாது.

இத்தனை பாடும் யாருக்காக என்று கேட்டால், முதலில் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்காக என்றே சொல்லத் தோன்றுகிறது. ஊர்ப் பொது மைதானத்தைச் சாயங்காலம் பையன்களின் கிரிக்கெட் எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வயதானதும் பெண்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். பெரிய வசதி எதுவும் இல்லாத பகுதியிலிருந்து வந்தவர் அவர். அவரைப் போல ஆட நினைக்கும் பிள்ளைக்கு முதலில் தேவை தினமும் தடையில்லாமல் கிடைக்கும் ஓர் இடம். கோர்ட் தயாரானதும் தெருவில் உள்ள மற்ற வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். கபடிக்குத் தனியாக ஆள் தேட வேண்டியிருக்காது. வாரத்தில் சில மாலைகளை அவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டால், அண்ணன் தம்பிகள் வந்து பிடுங்கிக்கொள்ளவும் முடியாது.