காவலூர் இரவுக்கு ஒரு வெர்ஷன் பட்டியல்

அத்தனாவூர், ஏலகிரி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. லேப்டாப்பை அழித்துவிட்டு உபுண்டுவைப் புதிதாகப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். புதிதாகப் போட்டாலும் மூன்றே நாளில் இதே இடத்தில் வந்து நிற்பாய். நீ அனுப்பிய பிழைச் செய்திகளை வரி விடாமல் படித்தேன். உன் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் சீனியரின் குறிப்பில் உள்ள வானியல் மென்பொருளான ஐராஃப் ஒரு தலைமுறை, அதைப் பைத்தானிலிருந்து இயக்கும் பைராஃப் அடுத்த தலைமுறை, உன் கைடு கேட்கும் ஆஸ்ட்ரோபை மூன்றாம் தலைமுறை. மூன்றையும் ஒரே பைத்தானுக்குள் குடிவைக்கப் பார்க்கிறாய். சிக்கல் அங்கேதான்.

அதற்கு முன், கோபமாக ஒன்று கேட்டிருக்கிறாயே, “இயற்பியல் படிக்க வந்தவள் எதற்கு இந்த எடுபிடி வேலையெல்லாம் செய்யணும்?” என்று. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு நேர் கிழக்கே, ஜவ்வாது மலையில் இருக்கிறது நீ தரவு எடுத்த காவலூர் வானாய்வகம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1972-ல் ஒரு மீட்டர் ஸெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே போகவிருந்தபோது, அந்தக் கருவியை அதன்மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. பறக்கும் ஆய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்க வானியலாளர்களும் அப்படிப்பட்ட மங்கல்களையே கண்டார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். வெவ்வேறு இடங்களில் பார்த்த மங்கல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அவை எந்த மணி, எந்த நொடியில் நடந்தன என்ற குறிப்பு. கருவி என்ன, நேரம் என்ன, எப்படி அளந்தார்கள் என்று எழுதிவைக்காத ஒளிமங்கலை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

ஸ்லிட் அகலம், கிரேட்டிங், ஒப்பீட்டு விளக்கு என்று ஒவ்வொன்றையும் நீயும் பதிவேட்டில் எழுதுகிறாய். சிசிடி தந்த படத்தை நிறமாலையாக மாற்றுகிற நிரலும் அந்தக் கருவியின் ஒரு பாகம்தான். அதை நிறுவுவது ஆய்வுக்கு முன்னால் செய்து முடிக்கிற எடுபிடி வேலை இல்லை, கண்ணு. ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதியெல்லாம் அதைச் செய்யும் வழி.

ஐராஃபை நீ திட்டியிருப்பதைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது. அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் 1981-ல் தொடங்கிய திட்டம் அது. அப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒரு விதம். இயங்குதளம் எதையும் நம்பக்கூடாது என்று முடிவு செய்து, தங்களுக்கென்று ஒரு நிரல்மொழி, ஒரு கட்டளைத் திரை, கோப்பைப் படிக்கத் தனி அடுக்கு என எல்லாவற்றையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். எஸ்.பி.பி. என்கிற அந்த மொழி முதலில் ஃபோர்ட்ரானாகும், அது சி மொழியாகும், அதற்குப் பிறகுதான் கம்பைலர் கைக்கு வரும். இன்று கேட்கத் தலைசுற்றும். ஆனால் பிறரைச் சாராமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டால்தான், வாக்ஸ் கணினிக் காலத்து நிரல் உன் மடியில் இருக்கும் லேப்டாப்பிலும் ஓடுகிறது.

அப்படியும் மூன்று பக்கமிருந்து அடி விழுந்தது. 32 பிட் கணினிகளுக்காக எழுதிய துணைத் தொகுப்புகள் 64 பிட்டுக்கு மாறாமலே நின்றன. 2013-ல் வந்த 2.16.1 பதிப்போடு தாய் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது, உன் சீனியர் குறிப்பில் “பைத்தான் 2.7 சூழல் உருவாக்கவும்” என்று முதல் வரியில் இருப்பது அந்தக் காலத்து மிச்சம். இன்று ஐராஃப் உயிரோடு இருக்கிறதென்றால், உலகின் பல மூலைகளில் உள்ள ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்ததால்தான். அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. ‘நியூமெரிக்கல் ரெசிப்பீஸ்’ புத்தகத்திலிருந்து எடுத்த நிரல்கள் ஐராஃபுக்குள் கிடந்தன. அவற்றை எல்லோருக்கும் வினியோகிக்க உரிமம் இடம் தராது. தேடித் தேடி அவற்றை நீக்கி, வேறு நிரல் எழுதி வைத்தார்கள். அதன் பிறகே உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. வெர்ஷன் பொருந்தினால் மட்டும் போதாது, உரிமமும் பொருந்த வேண்டும். உன் வகுப்பில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆகவே பழைய குறிப்பை மூடி வை. ஐராஃப், பைராஃப், எக்ஸ்ஜிடெர்ம் மூன்றையும் உபுண்டுவின் ஆப்ட் வழியாகவே ஏற்றலாம். வரைபட ஜன்னல் திறக்கவில்லை என்று நீ தவித்தது எக்ஸ்ஜிடெர்ம் இல்லாததால்தான். நிறமாலையை வரையும் எஸ்ப்ளாட்டில் பிழை எதுவும் இல்லை.

அடுத்து, பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை. “நம்பை 1-ல் தொகுத்த மாட்யூல் நம்பை 2-ல் ஓடாது” என்று வந்ததே, அதை உங்கள் அப்பாவின் டேனரி வழியே யோசித்தால் உனக்குப் பட்டென்று பிடிபடும். மூலநிரல் பச்சைத் தோல். அதை எப்படி வேண்டுமானாலும் பதனிடலாம். டிரம்மில் குரோம் ஏறி வெட் புளூ ஆகிவிட்டதென்றால், திரும்பப் பச்சைத் தோலாக்க முடியாது. இணையத்திலிருந்து பிப் இறக்கித் தரும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை அப்படி ஏற்கெனவே தொகுத்து முடித்தவை. எந்த நம்பையின் உள்ளமைப்பைப் பார்த்துத் தொகுத்தார்களோ அதன் அச்சு அதில் பதிந்துவிடும். 2006-க்குப் பிறகு முதல்முறையாக 2024 ஜூனில் நம்பை தன் முதல் எண்ணையே மாற்றியபோது அந்த உள்ளமைப்பும் மாறியது. அதற்கேற்பத் தொகுத்த புதிய பதிப்பைக் கேள், இல்லையென்றால் நம்பையை 2-க்குக் கீழே நிறுத்து. மூன்றாவது வழி, மூலநிரலிலிருந்து நீயே தொகுப்பது. அதற்கு இப்போது உனக்கு நேரமில்லை.

இப்படி உரக்கக் கத்துகிற பிழைகளைக் கண்டு நான் பயப்படுவதில்லை. “என்பி.ஃப்ளோட் இல்லை” என்று நின்றதே, அதுவும் நல்ல பிழைதான். 1.20-ல் எச்சரித்து 1.24-ல் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் வெறும் ஃப்ளோட் என்று போட்டால் தீர்ந்தது. சத்தமில்லாமல் விடையை மாற்றுகிற பிழைதான் என்னைத் தூங்கவிடாது. உன் சீனியரின் நிரலில் நான் பார்த்த ஒரு வரியையே எடுத்துக்கொள். நாளின் பின்னப் பகுதியை 32 பிட் எண்ணாக, 0.37 என்று வைத்திருக்கிறார். அதோடு 2460000.0 என்கிற ஜூலியன் நாளைக் கூட்டுகிறார். நம்பை 1-ல் இரண்டு தனி எண்களை இப்படிக் கூட்டினால் விடை 64 பிட்டுக்கு உயரும், 2460000.37 என்று சரியாக வரும். நம்பை 2-ல் விதி வேறு. விடை 32 பிட்டிலேயே நிற்கும். அவ்வளவு பெரிய எண்ணின் அருகில் 32 பிட்டுக்குத் தெரிந்த அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 0.25, அதாவது ஆறு மணி நேரம். கிடைக்கும் விடை 2460000.25. ஏறக்குறைய மூன்று மணி நேரம் காணாமல் போயிருக்கும். திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது. நொடிகளை வைத்து வளையம் கண்டுபிடித்த மலையின் தரவில் மூன்று மணி நேரம்! அதனால்தான் “எப்படியோ ஓடிவிட்டது, அத்தை” என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

இனி செய்ய வேண்டியது. “பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்” என்று போட்டு சிஸ்டம் பைத்தானுக்குள் எதையும் திணிக்காதே. உபுண்டு தன் சொந்த வேலைகளுக்கே அந்தப் பைத்தானை நம்பியிருக்கிறது; அதனால்தான் டெபியனும் உபுண்டுவும் 2023 முதல் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறார்கள். நீ சூடோ போட்டு ஏற்றியவை யூஸர்-லோக்கல் அடைவில் தனியாகக் கிடக்கின்றன. அவற்றை மட்டும் நீக்கினால் உன் உபுண்டு பழையபடி ஆகிவிடும்.

பிறகு கோண்டாவைத் தரும் மினிஃபோர்ஜை இறக்கி, இந்த ப்ராஜெக்டுக்கென்று ஒரு கோண்டா சூழல் உருவாக்கு. சி, ஃபோர்ட்ரான் நூலகங்களையும் சேர்த்துக் கையாள ஒரு வழி வேண்டும் என்றுதான் கோண்டாவையே 2012-ல் கொண்டுவந்தார்கள். நமக்கு அது கட்டாயம் தேவை. நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று ஏற்றாதே. ஆஸ்ட்ரோபை, சிசிடிபிராக், ஃபோட்யூட்டில்ஸ் என உனக்கு நேரடியாக வேண்டிய நாலைந்து பெயர்களை ஒரே கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் கேள். ஒவ்வொன்றாக ஏற்றும்போது முன்னால் வந்தது பின்னால் வருவதன் தேவையை அறியாது. மொத்தமாகக் கேட்டால் அத்தனை நிபந்தனைகளையும் ஒன்றாக வைத்துக் கோண்டா கணக்குப் போடும். முப்பது பேக்கேஜ், ஒவ்வொன்றுக்கும் பத்து வெர்ஷன் என்றால் ஒன்றுக்குப் பின் முப்பது சுழி போட்ட அளவுக்குச் சேர்க்கைகள். கணினியியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையில் இதுவும் ஒன்று என்று நிரூபித்தே இருக்கிறார்கள். அதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் தீர்க்கப் பார்த்திருக்கிறாய். முடியாமல் போனதில் உன் அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை.

“பொருந்தாது” என்று கோண்டா சொன்னால் எந்த இரண்டு பேக்கேஜ் எதை வைத்து மோதுகின்றன என்று பார். பிறகு அவை இரண்டும் ஒரே சூழலில் இருந்தாக வேண்டுமா என்று உன்னையே கேட்டுக்கொள். உன் விஷயத்தில் வேண்டியதில்லை. ஐராஃப் ஆப்ட் பக்கம் இருக்கட்டும், ஆஸ்ட்ரோபை கோண்டாவில் இருக்கட்டும். ஐராஃபின் அபாலில் நிறமாலையைப் பிரித்து ஃபிட்ஸ் கோப்பாக எழுது. அந்தக் கோப்பை ஆஸ்ட்ரோபையில் திற. ஃபிட்ஸ் வடிவமும் 1981-ல் வெளிவந்ததுதான். ஒருமுறை சரியான ஃபிட்ஸ் கோப்பு என்றால் என்றைக்கும் சரியானதே, பின்னால் சேர்க்கும் எதுவும் பழைய கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். நிரல் எழுதுவோர் எல்லோரும் அந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கோண்டாவில் கிடைக்காத ஏதாவது ஒன்றுக்குப் பிப் தேவைப்பட்டால் கடைசியில் போடு. அதற்குப் பிறகு அந்தச் சூழலில் கோண்டாவால் எதையும் ஏற்றாதே. பிப் போட்டதைக் கோண்டா சரியாகக் கணக்கில் கொள்ளாது.

எல்லாம் ஓடியதும் வெர்ஷன் பட்டியலை ஏற்றுமதி செய்து, தரவு இருக்கும் அடைவிலேயே வை. உன் கைடு ஏற்கெனவே பிரித்து முடித்த நியம விண்மீன் ஒன்றின் தரவை வாங்கி, உன் சூழலில் முதலிலிருந்து செய்து பார். அலைநீளமும் நேரமும் அவருடையதோடு ஒத்துப்போனால் மட்டும் உன் விண்மீனைத் தொடு. வைவா முடியும்வரை அந்தச் சூழலில் எதையும் அப்டேட் செய்யாதே. புதிது ஒன்று தேவைப்பட்டால் பக்கத்தில் இன்னொரு சூழல் போடு.

சனிக்கிழமை மேலே வருவதாக அண்ணன் சொன்னார். கோண்டா இறக்கும் கோப்புகள் கனமானவை, இங்கே மழை பிடித்தால் இணைப்பு நிற்காது. ஆம்பூரிலேயே எல்லாவற்றையும் இறக்கி வை. சூழலைக் கட்டாவிட்டாலும் பரவாயில்லை, இறக்கியவை கேஷில் இருந்தால் இங்கே உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம். சீனியரின் நிரலையும் கொண்டுவா. அந்தக் கூட்டல் வரியைப் போல வேறு எங்கெல்லாம் 32 பிட் ஒளிந்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
அத்தை