டி.வி.க்கு லைசென்ஸ் தண்டமா?

கேள்வி: லண்டனில் என் மகன் டி.வி. பார்க்க வருஷத்துக்கு 174 பவுண்டுக்கு மேல் கட்டுகிறான். தண்டச் செலவுதானே?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: நாமும் கட்டியவர்கள்தான் அம்மா! ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை வாங்கினோம். 1972-ல் பம்பாய் தூர்தர்ஷன் வந்தபோதும் அதே கதை. 1980களின் நடுவில் அந்தத் தொல்லை ஒழிந்தது, செலவு ஒழியவில்லை. 1997 முதல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குப் பெயரளவில் தன்னாட்சி; சம்பளமோ மத்திய அரசின் மானியத்தில். படியளக்கிறவரை எந்தச் செய்தி ஆசிரியர் குடைந்து கேட்பார்? அந்த வகையில், உங்கள் மகன் பி.பி.சி.க்காக நேரடியாகக் கட்டும் லைசென்ஸ் கட்டணம் தண்டமில்லை. ஆனால் நம் மும்பைக் கணக்கில் சொன்னால், செம்பூர் அடுக்குமாடிக்கும் தாராவி ஒற்றை அறைக்கும் ஒரே தொகை என்றால் அநியாயம். பின்லாந்தில் 2013 முதல் வருமானத்தைப் பார்த்து வரியாக வாங்குகிறார்கள். எனக்கு அதுதான் சம்மதம். மகன் கட்டட்டும், நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் உரிமையோடு திட்டட்டும்.