நற்பெயரும் தனியுரிமையும்

2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் பெண் ஒருவர் காவல்துறையிடம் முறையீடு ஒன்றை அளித்தார். முன்பின் அறியாத ஆடவர் பலர் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தகாத சொற்களைப் பேசி வந்தனர். யாகூ நிறுவனத்தின் இணையக் குழு ஒன்றில் அவரைப் பற்றி இழிவான செய்திகள் இடப்பட்டிருந்தன. அவற்றை உண்மையென நம்பியவர்களே அவ்வாறு அழைத்தனர். அப்பெண்ணின் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கு ஒன்றும் தொடங்கப்பட்டிருந்தது.

சென்னை இணையக் குற்றப் பிரிவினர் அச்செய்திகள் எங்கிருந்து அனுப்பப்பட்டன என்பதைத் தேடிச் சென்றனர். தேடல் மும்பையில் முடிந்தது. சில நாள்களிலேயே ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் அயலார் அல்லர்; அப்பெண்ணின் குடும்பத்திற்கு அறிமுகமான நண்பர். அவரை மணந்துகொள்ள விரும்பியவர். அப்பெண் வேறொருவரை மணந்து, அம்மணம் முறிந்தபின் அந்நண்பர் மீண்டும் அணுகினார். அவர் உடன்படவில்லை. அந்த மறுப்பிற்குப் பழிவாங்கும் கருவியாகவே இணையம் பயன்பட்டது. இத்தகைய வழக்குகள் பலவற்றில் குற்றவாளி தெரிந்தவராகவே இருப்பது கசப்பான செய்தி.

'தமிழ்நாடு அரசு எதிர் சுகாஸ் கட்டி' எனச் சட்ட நூல்கள் குறிக்கும் வழக்கு இதுவே. 2004 மார்ச் 24 அன்று எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அரசுத் தரப்பில் 12 சாட்சிகள் உசாவப்பட்டனர். அச்செய்திகளை அப்பெண்ணே எழுதியிருக்கலாம், அல்லது அவருடைய முன்னாள் கணவர் எழுதியிருக்கலாம் என எதிர்த்தரப்பு வாதிட்டது. துன்புற்றவர்மீதே பழியைத் திருப்பும் இவ்வாதம் புதியதன்று. ஆயினும் அன்று அது நிலைக்கவில்லை. அக்காலத்தில் இல்லந்தோறும் இணையம் கிடையாது. 'பிரவுசிங் சென்டர்' என வழங்கிய மையங்களில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தியே பலரும் இணையத்தைப் பயன்படுத்தினர். அம்மையங்களின் உரிமையாளர்கள் சாட்சியம் அளித்தனர். இணையப் பக்கத்தின் படியைச் சான்றாக ஏற்க இயலாது என்ற வாதமும் எழுந்தது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65ஆ பிரிவின்படி வல்லுநர் ஒருவர் அளித்த சான்றிதழ் அதற்கு விடையாயிற்று. இணையத்தில் இட்டவர் தம்மை மறைத்துக்கொண்டதாக எண்ணினாலும், அவர் விட்டுச் சென்றது அழியாத் தடம்.

2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. நற்பெயரைக் கெடுக்கும் நோக்குடன் பொய்யாவணம் புனைந்தமைக்கு 2 ஆண்டுக் கடுங்காவல்; சொல்லால் பெண்ணை இழிவுபடுத்தியமைக்கு 1 ஆண்டு வெறுங்காவல்; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டுக் கடுங்காவலும் 4,000 ரூபாய் தண்டமும். இவற்றை ஒருசேர அனுபவிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இது கருதப்படுகிறது. குற்றப்பத்திரிகைக்கும் தீர்ப்பிற்கும் இடையே எட்டுத் திங்கள்கூட ஆகவில்லை என்பது வழக்குகளின் வேகத்தை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும்.

இவ்வழக்கில் பரப்பப்பட்டவை பொய்கள். பொய்யால் ஒருவரின் பெயரைக் கெடுப்பதற்கு எதிரான சட்டம் இந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதனை அவதூறு என வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. 2 ஆண்டு வரை வெறுங்காவலோ, தண்டமோ, இரண்டுமோ, சமுதாயப் பணியோ தண்டனையாகலாம். பொது நன்மைக்காக உண்மையைக் கூறுதல் அவதூறு ஆகாது என்னும் விதிவிலக்கும் அதில் உண்டு. இவ்விலக்கு இல்லையேல் ஊழலை வெளிப்படுத்தும் செய்தியாளர் எவரும் எழுதுகோலைத் தொட முடியாது.

ஆனால் பரப்பப்பட்டது பொய்யாக இல்லாமல், ஒருவரின் உண்மையான அந்தரங்கக் காணொளியாக இருந்தால் என் செய்வது? அவதூறுச் சட்டம் இங்கே தடுமாறுகிறது. அச்சட்டம் பொய்யுரையை மனத்தில் கொண்டு எழுந்தது. காணொளியோ பொய் சொல்லவில்லை. எனினும் காயம் சிறிதும் குறைவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே தனியுரிமை என்னும் கருத்து.

அதன் தெளிவான தொடக்கங்களுள் ஒன்றும் தமிழ்நாட்டு வழக்கே. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. சிறை அலுவலர்கள் அதனைத் தடுக்க முயன்றனர். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இருபுறமும் கூர்மையுடைய தீர்ப்பை வழங்கியது. வெளியாகும் முன்பே இதழைத் தடுக்கும் உரிமை அரசிற்கு இல்லை. அரசு அலுவலர்கள் தம் கடமையில் செய்தவை குறித்து எழுதலாம். அதே வேளையில், தனி மனிதரின் குடும்பம், மணம், மகப்பேறு போன்றவற்றை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுதல் கூடாது. அது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் கூடாது. பொது ஆவணங்களில் முன்பே பதிவானவை இதற்கு விலக்கு. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது.

சட்டமன்றங்களும் பின்தங்கிவிடவில்லை. 2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் செயற்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66உ என்னும் பிரிவு சேர்ந்தது. ஒருவரின் மறைவான உடற்பகுதியின் படத்தை அவருடைய ஒப்புதலின்றி எடுத்தாலும், வெளியிட்டாலும், அனுப்பினாலும் 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். இதில் ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை. 2013இல் தண்டனைச் சட்டத்தில் வேறொரு பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அதன் விளக்கவுரையில் ஓர் அரிய நுட்பம் உண்டு. ஒரு பெண் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தாலும், அதனைப் பிறருக்குப் பரப்ப ஒப்பவில்லை எனில், பரப்பியவர் குற்றவாளியே. 'அவளே அனுப்பியதுதானே' என்று ஊரார் கேட்கும் கேள்விக்குச் சட்டம் அன்றே விடை கூறிவிட்டது.

சட்டம் இருப்பினும் படம் இணையத்தில் பரவும் விரைவு வேறு. 2025 ஜூலையில் பெண் வழக்கறிஞர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவருடைய ஒப்புதலின்றிப் பதிவு செய்யப்பட்ட காணொளிகள் பல தளங்களில் பரவியிருந்தன. அவற்றை 48 மணி நேரத்திற்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டார். ஆனால் ஓரிடத்தில் நீக்கியவை வேறிடங்களில் மீண்டும் முளைத்தன. சட்டம் அறிந்தவருக்கே இந்நிலை எனில் பிறர் எங்குச் செல்வர் என்னும் கேள்வி எழுந்தது. இவ்வாறு பாதிக்கப்படும் எவரும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டும் நெறிமுறை ஒன்றை வகுக்குமாறும் நீதிமன்றம் கூறியது.

மீண்டும் முளைப்பதற்குக் காரணம் முதலில் இட்டவர் மட்டும் அல்லர். 67ஆம் பிரிவு 'வெளியிடுதல்' என்பதோடு 'அனுப்புதல்' என்பதையும் குற்றமாகக் கூறுகிறது. நகைப்பிற்காக நண்பர் குழுவிற்குத் தள்ளிவிடுபவரும் அவ்வலையில் அகப்படுவார். முகத்தை ஒட்டிப் புனைந்த படமும், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காணொளியும் இதற்கு விலக்கல்ல. படத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவர் எனில் தண்டனை மேலும் கடுமையாகும். தேடிப் பார்ப்பதும் சேமித்து வைப்பதும்கூட 67ஆ பிரிவின்கீழ்க் குற்றம்.

சென்னையில் முறையீடு, மும்பையில் கைது என்னும் பழைய வழக்கின் அமைப்பு எல்லைப்புற ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கும் நாகலாபுரத்திலிருந்து சுருட்டப்பள்ளியைக் கடந்தால் ஊத்துக்கோட்டை. அது வேறு மாநிலம், வேறு காவல்துறை. துன்புற்றவர் திருப்பதி மாவட்டத்திலும், இழைத்தவர் திருவள்ளூர் மாவட்டத்திலும், காணொளி தங்கும் கணினி கடல் கடந்தும் இருக்கலாம். 'இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று' எனக் கூறி எந்தக் காவல் நிலையமும் முறையீட்டைத் திருப்பி அனுப்புதல் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் தகவலை ஏற்க வேண்டும் என்கிறது. மின்னணு வழியிலும் தகவல் தரலாம். தந்தவர் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.

அச்சத்தில் அனைத்தையும் அழித்துவிடுவது இயல்பு. ஆனால் அழித்தபின் மெய்ப்பிப்பது கடினம். இடப்பட்ட பக்கத்தின் முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம், மிரட்டல் செய்திகள் ஆகியவற்றைக் குறித்து வைத்த பின்னரே நீக்கக் கோர வேண்டும். தாய்தந்தையர் அல்லது நம்பிக்கைக்குரிய ஆசிரியர் துணையுடன் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தை அணுகலாம்; பெண்கள், சிறார் தொடர்பான முறையீடுகளை அங்குப் பெயர் கூறாமலும் அளிக்க இயலும். சிறாருக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்திற்கு 112 என்னும் எண்கள் உள்ளன. அந்தரங்கப் படம் பரவுவதாக முறையிட்டால் 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என 2021ஆம் ஆண்டின் விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்கு வரையறை செய்தன. பிரித்தானியாவில் தொடங்கிய 'ஸ்டாப்என்சிஐஐ' என்னும் சேவை வேறு வழியைக் காட்டுகிறது. படம் பயனரின் கருவியை விட்டு வெளியேறுவதில்லை. படத்திலிருந்து கணிக்கப்பெற்ற எண்குறி மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அதே குறியுடைய படத்தை எவரேனும் ஏற்ற முயன்றால் அது அடையாளம் காணப்படும். இச்சேவை 18 வயது நிரம்பியவர்களுக்கு உரியது. அதற்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்னும் சேவை அமெரிக்காவிலிருந்து இயங்குகிறது.

சொற்பொருள்

அவதூறு – பழியுரை. முறையீடு – புகார். உசாவுதல் – வினவி அறிதல். தண்டம் – அபராதம். அமர்வு – வழக்கை ஒன்றாகக் கேட்கும் நீதிபதிகள் குழு.

இலக்கணக் குறிப்பு

நற்பெயர் – பண்புத்தொகை. அழியாத் தடம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தாய்தந்தையர் – உம்மைத்தொகை.

பயிற்சி

1. எழும்பூர் வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த வாதங்கள் யாவை? அவை ஏன் நிலைக்கவில்லை?
2. உண்மையான காணொளியைப் பரப்பியவர்மீது அவதூறுச் சட்டம் மட்டும் போதாது எனப் பாடம் கூறுவது ஏன்?
3. ஆட்டோ சங்கர் வழக்கின் தீர்ப்பு இதழ்களுக்கு எதை அளித்தது, எதை மறுத்தது? ஐந்து வரிகளில் எழுதுக.
4. தோழி ஒருத்தியின் படத்தைப் புனைந்து வகுப்புக் குழுவில் எவரோ இட்டுள்ளார். அவள் காவல் நிலையத்திற்கு அளிக்க வேண்டிய முறையீட்டுக் கடிதத்தை, தேவையான சான்று விவரங்களுடன் எழுதுக. பெயர்களுக்கு மாற்றாக அ, ஆ என்னும் எழுத்துகளைப் பயன்படுத்துக.