எரிமலைக் கல்லை வெட்டும் முன்

"தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால் ஆனது" என்று புவியியல் பாடத்தில் ஒரே வரியில் படித்து முடித்துவிடுகிறோம். அக்குழம்பு இறுகிய பாறையைத்தான் மகாராஷ்டிரத்தில் வெட்டிச் சாலையும் பாலமும் அமைக்கிறார்கள். மும்பையில் முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகம் என்றழைக்கப்பட்ட கட்டடம் குர்லாவின் நீலக் கல்லாலும் மலாடின் மஞ்சள் கல்லாலும் எழுந்தது; இரண்டும் எரிமலைக் கற்களே. (நம் வீட்டு அம்மிக்குரிய கருங்கல் வேறு, அது பூமியின் ஆழத்தில் உருவானது.) இப்பாறையைத் திறந்தவெளிக் குவாரியில் எடுக்க எவ்வாறு திட்டமிடுகிறார்கள் எனக் காண்போம்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. தோசைமேல் தோசை அடுக்கினாற்போல், ஒன்று ஆறியபின் அதன்மேல் மற்றொன்று படிந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். மேற்பகுதியில் காற்றுக் குமிழிகள் இருந்த துளைகள் நிறைந்திருக்கும். அத்துளைகளில் பின்னர் அழகிய படிகங்கள் வளர்ந்தன. புனே அருகிலுள்ள வாகோலியில் கிடைத்த நீலநிறக் கவன்சைட்டை உலகெங்கும் சேகரிப்போர் விரும்புகிறார்கள். ஆனால் சாலைக்கு ஜல்லி வேண்டுவோர்க்கு அத்துளைக்கல் உதவாது. சில அடுக்குகளுக்கிடையே செம்மண்ணும் இருக்கும். ஆகவே முதல் வேலை, ஆங்காங்கே துளையிட்டு, நல்ல கல் எத்தனை மீட்டர் உள்ளது என்று அறிவதே.

பிறகு கணக்கு. 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம் என்றால் 30,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கெட்டிக் கல்லின் எடை சுமார் 2.9 டன், ஆக 87,000 டன். காகிதத்தில் கிடைக்கும் இவ்வளவும் கையில் கிடைப்பதில்லை. லாரி இறங்கும் சரிவுப் பாதைக்கும் ஓரங்களுக்கும் கழித்தாக வேண்டும்.

குவாரியைப் படிப்படியாகவே இறக்குவர். 1961-ஆம் ஆண்டு விதிகள் கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றன. 30 மீட்டர் அகலமுள்ள சிறிய நிலத்தை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் 6 மீட்டர் அகலப் படிகளை விட்டால் இரண்டாம் படியில் 18 மீட்டர்தான் மிஞ்சும். மூன்றாவதில் வெறும் 6. அங்கே லாரி திரும்பாது. அப்போதுதான் படிகளை விட்டுவிட்டுச் செங்குத்தாக வெட்டும் ஆசை எழுகிறது. கீழே ஜல்லி அள்ளுகிறவர்களின் தலைமேல் கல் சரிவது அத்தகைய சுவர்களிலிருந்தே.

இப்பாறை ஆறியபோது சுருங்கி, பல இடங்களில் தூண்தூணாகப் பிளந்தது. வெட்டுவோருக்கு அப்பிளவுகள் துணையே. ஆயினும் தூண்கள் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால் வேலையை வேறு பக்கமிருந்து தொடங்க வேண்டும். மழைநீர் சேரப் பள்ளமான மூலை, வெடிக்கு நேரம், மேல்மண்ணைக் குவித்து வைக்க இடம் ஆகியவையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும்.

மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்று நிற்கிறது. சுற்றிலும் கல் வெட்டப்பட்டபின் மிஞ்சிய, சுமார் 60 மீட்டர் உயரத் தூண் பாறை அது. உச்சியில் கோயில் இருக்கிறது. 2007-இல் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அதற்குள் வீடுகள் அடிவாரம்வரை வந்துவிட்டன.