மாடு மேய்க்கவும் படிப்பு வேண்டும்

"படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று நம் வீடுகளில் திட்டுவார்கள். நான் பொறியியல் படிக்கிறேன். சித்தி மகன் கால்நடை வளர்ப்பில் இரண்டாண்டுப் படிப்பு படிக்கிறான். சொந்தக்காரர்கள் கேட்டால் சித்தி பேச்சை மாற்றிவிடுவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நோட்டைப் பார்த்தால் எங்கள் கணக்குக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

தீவனக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் 16% புரதம் வேண்டும். கையில் இருப்பது 9% புரதமுள்ள மக்காச்சோளமும் 44% உள்ள சோயாப் புண்ணாக்கும். 44-இல் 16 போனால் 28, அது சோளத்தின் பங்கு. 16-இல் 9 போனால் 7, அது சோயாவின் பங்கு. ஆக, 4-க்கு 1. நூறு கிலோவுக்குச் சோளம் 80, சோயா 20. சோயா கூடினால் செலவு ஏறும். குறைந்தால் வளர்ச்சி படுத்துவிடும்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். கவனிக்காமல் விட்டால் மூன்று வாரத் தீனி வீண். கன்றுக்குச் சீம்பால் பிறந்த சில மணி நேரத்திலேயே கொடுக்கணும். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சாது.

எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளே, இதில் சேர நினைத்தால் பண்ணைப் பயிற்சி எத்தனை மாதம் என்று முதலில் கேளுங்கள். சினை ஊசி போடக் கை பழகுவது வகுப்பறையில் நடக்காது.