காற்றுக்கு ஓர் எண் போதுமா?

மண்டபத்தையும் பாம்பனையும் இணைத்து, 1914-இல் கடல்மீது ஓர் இரயில் பாலம் திறக்கப்பட்டது. 2025-இல் அதன் அருகே புதிய பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் ஒரு விதி இருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், இரயில் செல்லாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி இரயில் கடலுக்கு இரையானதை எண்ணினால் இவ்விதியின் அருமை விளங்கும்.

இவ்விதியில் ஓர் எண்ணும் அலகும் மட்டுமே உள்ளன, திசை இல்லை. இவ்வாறு எண்ணாலும் அலகாலும் மட்டுமே முழுமையாகக் குறிக்கத்தக்க அளவு ஸ்கேலார், அதாவது திசையிலி எனப்படும். நிறை, காலம், வெப்பநிலை, ஆற்றல் ஆகியவையும் ஸ்கேலார்களே.

ஆனால் மீனவருக்கு வேகம் மட்டும் போதாது. வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். 'மணிக்கு 58 கி.மீ. வாடை' என்றால் எண்ணோடு திசையும் சேர்கிறது. இது திசைவேகம், ஒரு வெக்டர்.

பாலம் ஏறத்தாழ மேற்கு கிழக்காக அமைந்துள்ளது. ஆகவே வாடை இரயில் பெட்டிகளைப் பக்கவாட்டில் தாக்கும். கொண்டல் நீளவாக்கில் வீசும். விளைவுகள் வேறு. அப்படியிருக்க, விதி ஏன் திசையைக் கேட்கவில்லை? புயல் நெருங்கி விலகும்போது காற்றின் திசை மாறிக்கொண்டே இருக்கும். இப்போது நீளவாக்கில் வீசுவது சற்று நேரத்தில் பக்கவாட்டில் தாக்கலாம். எத்திசைக்கும் பொருந்தும் ஒரே வரம்பே பாதுகாப்பானது.

கணிதத்தில் ஸ்கேலாருக்கு இன்னொரு பணி உண்டு. 29 கி.மீ. வாடையை 2 என்ற ஸ்கேலாரால் பெருக்கினால் 58 கி.மீ. வாடை கிடைக்கும். அளவு மாறிற்று, திசை மாறவில்லை. −1-ஆல் பெருக்கினால் அளவு மாறாது, திசை நேரெதிராகும்.

காற்றின் இயக்க அழுத்தமும் ஸ்கேலார்தான். அது ½ × அடர்த்தி × வேகத்தின் இருமடி. 58 கி.மீ. என்பது நொடிக்கு 16.1 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கி.கி. எனக் கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 156 நியூட்டன். வேகம் 116 கி.மீ. ஆனால் அழுத்தம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும்! நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்கும்போது, எவை ஸ்கேலார், எவை வெக்டர் எனப் பிரித்துப் பாருங்கள். படகைக் கடலில் இறக்குவதா, கரையில் கட்டுவதா என்று முடிவு செய்ய இரண்டும் வேண்டும்.