யுரேனியமும் பூமியின் வயதும்

பூமி தோன்றி எத்துணைக் காலம் ஆயிற்று? இவ்வினாவிற்கு விடைகூற வல்ல சாட்சி, பாறைகளினுள் அடங்கிக் கிடக்கும் யுரேனியம் என்னும் உலோகமே. அதன் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

1896-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஹென்றி பெக்கரல் என்னும் பேராசிரியர், கருங்காகிதம் பொதிந்த புகைப்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்தார். வானம் மூடியிருந்தமையால் அதனை மேசையறையில் இட்டுவிட்டார். சில நாள் கழித்து நோக்க, உப்பின் உருவம் தகட்டில் தெளிவாய்ப் பதிந்திருந்தது. வெயிலின் உதவியின்றி உப்பே கதிர் வீசிற்று என்பது அதனால் விளங்கிற்று.

இத்தகைய கதிர்கள் மூவகைப்படும். ஆல்பா என்பது ஹீலிய அணுவின் கரு. ஒரு காகிதமே அதனைத் தடுக்கும். பீட்டா என்பது விரைந்தோடும் எலெக்ட்ரான்; அதற்கு மெல்லிய அலுமினியத் தகடு வேண்டும். காமா என்பது எக்ஸ் கதிரை ஒத்தது. தடித்த ஈயமும் அதன் வலியைக் குறைக்குமேயன்றி முற்றும் தடுக்காது.

238 என்னும் நிறையெண் கொண்ட யுரேனிய அணு, 8 ஆல்பாவையும் 6 பீட்டாவையும் படிப்படியாக வெளிவிட்டு, இடையே ரேடியமாகவும் ரேடானாகவும் பொலோனியமாகவும் மாறி, இறுதியில் ஈயமாய் நிலைபெறுகின்றது. ஓர் ஆல்பாவின் நிறையெண் 4 ஆதலின், எட்டும் கூடி 32 ஆகும். 238-இல் 32 போக எஞ்சுவது 206. அதுவே அவ்வீயத்தின் நிறையெண்.

எந்த அணு எப்பொழுது சிதையும் என்று ஒருவராலும் கூற இயலாது. ஆயினும் யுரேனியத்தில் பாதி சிதைதற்குச் சுமார் 447 கோடி ஆண்டு செல்லும் என்பது உறுதி. விளக்கின் திரியைத் தூண்டினால் எண்ணெய் விரைவில் வற்றும்; இச்சிதைவைத் தூண்டுதற்கோ திரி இல்லை. பாறையின் வெப்பமும் அழுத்தமும் இதனை விரைவுபடுத்துவதில்லை. ஆதலின், பாறையில் முன்னரே கலந்திருந்த ஈயத்தைக் கழித்து, எஞ்சிய ஈயத்தை யுரேனியத்தோடு ஒப்பிட்டால் அதன் வயது புலப்படும்.

பூமி குளிர்ந்த கணக்கைக் கொண்டு அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டு என்று 1897-இல் கெல்வின் பிரபு உரைத்தார். அவர் பெரும்புகழினர், எனினும் 1907-இல் போல்ட்வுட் என்னும் அமெரிக்கர் ஆராய்ந்த கனிமங்கள் 40 கோடி ஆண்டிற்கும் மேற்பட்ட வயது காட்டின. 1956-இல் பாட்டர்சன் என்பார் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று நிறுவினார்.

பெரியோர் கூற்றாயினும் பொருளின் சான்றோடு ஒத்துநோக்கியே கொள்ளுதல் வேண்டும் என்பதே, மாணவராகிய நாம் இவ்வுலோகத்தினிடம் கற்கத்தக்க பாடமாகும்.